நிரலுக்கு முன் வரும் கேள்விகள்: இலக்கவியல் கொள்கைத் துறையில் ஒரு வேலை

மாணவர்களே, 2025 செப்டம்பர் இறுதியில் நம் பெட்ரோல் நிலையங்களுக்கு ஒரு புதிய முறை வந்தது. மைகார்டைக் கருவியில் செருகினால், ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் விலையில் கிடைக்கும். தொடங்கியபோது ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் என்பது வரம்பு. அட்டையைச் செருகியதும், இவர் குடிமக்களில் ஒருவரா, ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாகுமா, எத்தனை லிட்டர் மீதம் இருக்கிறது என்பவை சில விநாடிகளில் சரிபார்க்கப்படுகின்றன.

சரிபார்ப்பது கணினி நிரல். ஆனால், அந்த நிரலை எழுதும் முன்பே சில கேள்விகளுக்கு விடை வேண்டும். இதைக் கைப்பேசிச் செயலியில் மட்டும் கொடுத்தால், விவேகக் கைப்பேசி இல்லாத தாத்தா என்ன செய்வார்? குடியுரிமை விவரம் தேசியப் பதிவு இலாகாவிடமும் உரிம விவரம் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் இருக்கின்றன. ஓர் இலாகாவின் தரவை இன்னொன்று எந்த அளவுக்குப் பார்க்கலாம்? இக்கேள்விகளுக்குக் கணினி விடை சொல்லாது. மனிதர்கள்தாம் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவைத்தான் கொள்கை என்கிறோம். அதற்கான ஆய்வைச் செய்து வரைவை எழுதுவது ஒரு முழுநேர வேலை.

இந்த வேலையில் தவறினால் என்ன ஆகும்? உங்கள் அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம். பினாங்கில் பிறந்தவர்களுக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பள்ளிப் பாரம், மருந்தகம், வங்கி என்று பல இடங்களில் இந்த எண்ணை எழுதிக் கொடுக்கிறோம். ஆகவே, அது வீட்டு முகவரி போன்றது. வீட்டுச் சாவி அல்ல. ‘நான் யார்’ என்று அது சொல்லும். ‘அது நான்தான்’ என்று உறுதிப்படுத்தாது.

2024 ஜனவரி 2ஆம் தேதி ‘பாடு’ எனப்படும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. சில நாள்களிலேயே, பிறருடைய அடையாள அட்டை எண்ணைக் கொண்டு கணக்குத் திறக்க முடிகிறது என்று பொதுமக்கள் சுட்டிக்காட்டினர். பிறகு குறைகள் சரிசெய்யப்பட்டன. முகவரியைச் சாவியாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்துக்கு இது நல்ல பாடம். இன்னொன்றும் கவனியுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு உரியது. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது. மத்திய அரசாங்க அமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பகிர்வதற்கான தனிச் சட்டம் 2025இல்தான் நடப்புக்கு வந்தது. நம் தரவைக் காக்கும் பொறுப்பில் பெரும்பகுதி, விதிகளை வரையும் அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

இவர்கள் எங்கே பணியாற்றுகிறார்கள்? 2023 டிசம்பரில் இலக்கவியல் அமைச்சு உருவானது. தேசிய இலக்கவியல் இலாகா அதன் கீழ் இயங்குகிறது. பினாங்கில் ‘டிஜிட்டல் பினாங்கு’ என்ற மாநில நிறுவனம் 2020 முதல் செயல்படுகிறது. ஜார்ஜ்டவுன் பிரவுன் சாலையில் உள்ள பினாங்கு ஆய்வுக் கழகம் மாநில அரசாங்கத்திற்காகக் கொள்கை ஆய்வு செய்கிறது.

முதுகலைப் பட்டம் பெற்றவர் இங்கே எப்படி நுழைவது? மத்திய அரசாங்கச் சேவைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வும் நேர்முகமும் உண்டு. கணினி படித்தவர்கள் தகவல் தொழில்நுட்ப அதிகாரியாகலாம். நிர்வாக, அரசதந்திரச் சேவைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் கட்டாயம். மாநில நிறுவனங்களும் ஆய்வுக் கழகங்களும் தாங்களே ஆள் எடுக்கின்றன.

ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கச் சேவையில் முதுகலை படித்தவரும் பொதுவாகப் பட்டதாரிகளுக்கான நிலையில்தான் தொடங்குவார். முதல் சில ஆண்டுகள் கூட்டக் குறிப்பு, கணக்கெடுப்பு, வரைவு என்றே போகும். அப்படியானால் முதுகலை எதற்கு? ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டு, சான்று திரட்டி, விடையை எழுதிக் காட்டும் பயிற்சியை அது தருகிறது. கணினி தெரிந்தவர் பொது நிர்வாகத்தையும், சமூகவியல் படித்தவர் தரவுப் பகுப்பாய்வையும் முதுகலையில் சேர்த்துக்கொண்டால் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருப்பார்கள்.

அறிவியல் பிரிவு என்றாலே மருத்துவர், பொறியியலாளர் என்று மட்டும் எண்ண வேண்டாம். தோட்டத்தில் தனியாக வாழும் பாட்டிக்குச் செயலி திறக்கத் தெரியாது என்பதை அறிந்த ஒருவர் அந்தக் கூட்ட அறையில் இருப்பதும் நாட்டுக்குத் தேவை.

இந்த வாரம் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ரொக்கம் வாங்குவதை நிறுத்தி, அட்டை மட்டுமே என்று ஆக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வசதி? யார் விடுபடுவார்கள்? யார் என்ன வாங்கினார்கள் என்ற விவரம் யாரிடம், எத்தனை நாள் இருக்கும்? விடைகளை மலாய்மொழியில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கொள்கை அதிகாரி எழுதும் குறிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.