வரண்ட குளமும் வைகாசிச் செபமாலையும்

வைகாசி மாதம் மாதாவின் வணக்க மாதம். இந்த வழக்கத்தை எமக்குத் தந்தவர்கள் குளிர் நாட்டவர்கள். பனி உருகி, மொட்டை மரங்கள் துளிர்த்து, வேலியெல்லாம் பூக்கின்ற வசந்தகாலம் அவர்களுக்கு அது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இயேசு சபைக் குருக்கள், அம்மாதம் முழுவதும் வீட்டிலும் ஆலயத்திலும் மாதாவின் பீடத்துக்குப் பூச்சாத்திச் செபிக்கும் முறையைப் பரப்பினார்கள். 1847 முதல் இலங்கையில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் போன்ற ஐரோப்பியக் குருக்களின் காலத்தில் அது எமது பங்குகளிலும் வேரூன்றியது.

ஆனால் மன்னாரின் வைகாசி எப்படியிருக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சோளகம் எழும்பிவிடும். தீவுப்பக்கம் மணல் பறந்து கண்ணைக் கட்டும். அருவியாறு பல இடங்களில் மணற்பாதையாகக் கிடக்கும். சிறு குளங்களில் நடுவே கொஞ்சம் சேற்றுநீர், அதைச் சுற்றி மாடுகள். வயல் வெட்டி இரண்டு மாதம் கடந்திருக்கும். மாதாவுக்குப் பூத் தேடிப் போகும் பிள்ளைகள் கொன்றைப் பூவோடும், எந்தக் கோடைக்கும் அஞ்சாத நித்தியகல்யாணியோடும் திரும்பி வருவார்கள். காட்டோரத்து ஊர்களில் பாலைப்பழம் பழுக்கத் தொடங்கும் காலமும் இதுதான். எமது வசந்தத்தில் இனிப்பென்று இருப்பது அதுவே.

வசந்தமே இல்லாத ஊருக்கு வசந்தகாலப் பக்தி எதற்கு என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. எமது மண் தளிர்ப்பது ஐப்பசியில். முதல் மழை விழுந்து, புழுதியில் விதைத்த நெல் முளை காட்டும் அந்த மாதத்தையும் திருச்சபை செபமாலை மாதமாகவே வைத்திருக்கிறது. ஆகவே கமக்காரனின் ஆண்டிலே மாதாவுக்கு இரண்டு மாதங்கள் உண்டு. ஒன்று விதைக்கும் மாதம், மற்றது கை ஓய்ந்திருக்கும் மாதம். ஐப்பசியில் வயலால் களைத்து வருகிறவர் மூன்றாம் தேவ இரகசியத்திலேயே தூங்கி விழுவார். அதை மாதா பொருட்படுத்தமாட்டா என்றே நாங்கள் நம்புகிறோம். வைகாசியில் அந்தச் சிரமம் இல்லை. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்குத் தண்ணீர்ப் பங்கு கிடைத்தவர்களைத் தவிர மற்றையோருக்கு வயல்வேலை குறைவு. கூரை, வேலி, வாய்க்கால், குளக்கட்டு ஆகியவற்றைப் பார்க்கவும், மாலையில் ஊராய்க் கூடவும் நேரம் உண்டு. இடம்பெயர்ந்து திரும்பிய குடியிருப்புக்களை மீண்டும் ஊர்களாக்கியதில் இந்த 31 மாலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இம்மக்கள் மத்தியில் பணியாற்றும் எமது துணிபு.

எமது மாதாவே இடம்பெயர்ந்தவள்தான். ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் பிடித்தபின் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த ஏறத்தாழ 20 குடும்பங்கள், தங்கள் ஆலயத்து நல்ல சுக அன்னையின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே புறப்பட்டன. அக்குடும்பங்கள் நின்ற இடமே மருதமடு. பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து அதே துன்பத்துக்குத் தப்பி வன்னிக் காட்டுக்குள் வந்த கத்தோலிக்கரும், சுமார் 700 பேர் என்பது மரபு, அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து ஓடிவந்த இரு கூட்டம், முன்பின் அறியாதவர்கள், ஒரு சொரூபத்தைச் சுற்றி ஒரு ஊரானார்கள். பிறகு வந்த புனித யோசப் வாஸ் அடிகளாரின் பணியும், 1870 முதல் நடந்துவரும் ஆடித் திருவிழாவும், 1924இன் முடிசூட்டு விழாவும் நீங்கள் அறிந்தவையே. எமக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த முதற் காட்டு வாழ்க்கை. காட்டை வெட்டிக் கொட்டில் போட்டவர்களின் முதல் வேலைகளில் ஒன்று மாதாவுக்கும் ஒரு கொட்டில் போடுவதாகவே இருந்திருக்கும்.

மடு மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்புக்கடிக்கு மடு மண் காவல் என்று நம்பி, திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி மண் முடிந்துகொண்டு வருகிறார்கள். இருட்டில் வரப்பில் நடக்கிற கமக்காரனின் நம்பிக்கை அது. அதை இகழ எமக்கு மனமில்லை. ஆனால் கடிபட்டவரை மண்ணோடு வீட்டில் வைத்திருக்க வேண்டாம், கடித்த இடத்தைக் கீறவும் வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து, தாமதமின்றி அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. மாதாவின் மண் வழித்துணையாக மடியில் இருக்கட்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது மடு மறுபடியும் பழைய மடுவாயிற்று. ஆலய வளவும் சூழ்ந்த காடும் தறப்பாள் கொட்டில்களால் நிரம்பின. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. இதை வாசிக்கின்ற உங்களில் பலர் அங்கே பிறந்தவர்கள், அல்லது அங்கே பிள்ளை பெற்றவர்கள். அந்தப் புகலிடமும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1999 கார்த்திகை 20ஆம் திகதி இரவு ஆலய வளவில் எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் தேடியிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2006 ஆனியில் பேசாலை வெற்றி மாதா ஆலயத்தினுள் தஞ்சமிருந்த மக்கள் மீதும் தாக்குதல் நடந்தது. 2008 சித்திரைத் தொடக்கத்தில் போர்முனை மடுவை நெருங்கியபோது, குருக்கள் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். 338 ஆண்டுகளுக்குப் பிறகு மாதா மீண்டும் காட்டுவழியில். அவ்வாண்டு ஆவணியில்தான் அவள் தன் இடம் திரும்பினாள். அவள் திரும்பிய பின்னும் திரும்ப முடியாதிருந்த ஊர்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

முசலிப் பிரிவின் தெற்குக் கரையில், வில்பத்துக் காட்டுக்கு வடக்கே இருப்பது முள்ளிக்குளம். கடலும் வயலும் சேர்ந்த ஊர். கரைவலைப் பாடும், குளத்தின் கீழ் நெல்லும், வளவில் மரங்களும், நடுவே பரலோக மாதா ஆலயமும். 2007 புரட்டாதி 8ஆம் திகதி அம்மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனார்கள். திருச்சபை நாட்காட்டியில் அது மாதாவின் பிறந்தநாள். பிறகு அந்த ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமாயிற்று. போர் 2009இல் முடிந்தது, ஊர் திறக்கவில்லை. 2012இல் ஒரு தொகுதி மக்கள் அயலிலுள்ள மலங்காட்டிலும் காயாக்குழியிலும் வந்து குந்தினார்கள். சொந்த வயலைப் பார்க்கும் தூரத்தில், காட்டில், கொட்டிலில். ஊருக்குள் குடியிருக்க முடியாது. ஆனால் திருப்பலிக்கு ஆலயத்துக்குப் போய்வர வழிவிடப்பட்டது.

வீடு இல்லை, வயல் இல்லை, ஆலயம் மட்டும் இருக்கிறது என்றால் என்ன பொருள்? முள்ளிக்குளத்தார் அதைத் தங்கள் ஊரின் கதவாக வைத்துக்கொண்டார்கள். திருப்பலிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்கு வீடுகளைச் சுட்டிக் காட்டலாம்: இது அம்மம்மாவின் வளவு, அது நாங்கள் குளித்த கிணறு என்று. ஊரைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அதன் மேல் உரித்துணர்வு வருவது கடினம். ஒரு தலைமுறை கடந்தால் உறுதிக் கடதாசி இருந்தும் ஊர் இல்லாமற் போகும்.

2017 பங்குனி 23ஆம் திகதி அம்மக்கள் முகாமுக்கு எதிரே பந்தலிட்டு அமர்ந்தார்கள். முன்னின்றவர்களில் பெண்களே அதிகம். ஒரு மாதத்துக்கு மேலாக, வெயிலிலும் காற்றிலும் அங்கேயே இருந்தார்கள். சித்திரை 29ஆம் திகதி கடற்படைத் தளபதி வந்து 100 ஏக்கர் காணியை விடுவிப்பதாக அறிவித்தார். வைகாசி பிறக்க இரண்டு நாள். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், வைகாசி மாதத்தில் உலக சமாதானத்துக்காக மாதாவை மன்றாடும்படி கேட்டுச் சுற்றுமடல் எழுதியதும் ஒரு சித்திரை 29இல்தான், 1965ஆம் ஆண்டு. இந்த ஒற்றுமைக்கு நாங்கள் பெரிய விளக்கம் சொல்லப்போவதில்லை. அறிவிப்பு வந்ததும் எல்லாம் கிடைத்துவிடவுமில்லை. வீடுகள் இருந்த பகுதிக்குத் தவணை சொல்லப்பட்டது, தவணை நீண்டது. ஆயினும் பத்து ஆண்டுகள் சிதறியிருந்த ஒரு ஊர், ஒரு பந்தலின் கீழ் அத்தனை நாள் ஒன்றாக இருக்க முடிந்தது எப்படி என்பதே எமது கவனத்துக்குரியது. ஒன்றாகக் கூடி இருக்கும் பழக்கம் அவர்களிடம் விட்டுப்போகவில்லை. எங்கே இடம்பெயர்ந்திருந்தாலும் திருவிழாவுக்கும் செபமாலைக்கும் முள்ளிக்குளத்தார் முள்ளிக்குளத்தாராகவே கூடினார்கள்.

இனி எங்கள் வைகாசி மாலைகளுக்கு வருவோம். மாதாவின் சொரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் தங்கும். அடுத்தநாள் அந்த வீட்டாரே அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். சின்ன விதிதான். ஆனால் மெனிக் பாமிலிருந்து வந்தவர்கள், மண்டபம் முகாமிலிருந்து வந்தவர்கள், ஊரைவிட்டு அசையாதவர்கள் என மூன்று வகையினர் வசிக்கும் குடியிருப்பில் அதன் பலனை நாங்கள் கண்டிருக்கிறோம். வேலி எல்லைச் சண்டையில் பேச்சை நிறுத்திய இரு வீட்டார், வைகாசியில் ஒருநாள் ஒருவர் படலையில் ஒருவர் சொரூபத்தோடு நிற்க வேண்டிவரும். தகரக் கொட்டிலில் தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாயின் வாசலுக்கு அன்றைக்கு முழு ஊரும் போகும். கூரை ஒழுகுவதும் கிணற்றுக்குக் கட்டில்லாததும் எல்லோர் கண்ணிலும் படும். செபமாலை முடிந்து பாயில் இருக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் வாய்க்கால் துப்புரவுக்கு எப்போது இறங்குவது, கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எதைக் கேட்பது, கட்டாக்காலி மாடுகளை என்ன செய்வது என்ற பேச்சுக்கள் நடக்கின்றன. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வராத பெண்கள் அங்கே வாய் திறக்கிறார்கள். கூட்டத்துக்கு அறிவித்தல் கொடுத்தும் வராத ஆண்களும், மாதா வீட்டுக்கு வருகிறா என்றால் சேட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்!

இதிலும் ஒரு களை முளைத்திருக்கிறது. முதல்நாள் வீட்டில் தேநீரும் பிஸ்கற்றும் கொடுத்தால், பத்தாம்நாள் வீட்டில் கேக்கும் சோடாவும், இருபதாம்நாள் வீட்டில் ஒலிபெருக்கியும் மின்விளக்குச் சோடனையும். இல்லாத வீட்டார் தங்கள் முறை வரும்போது நுண்கடன் நிறுவனத்திடம் வாங்கிய தவணைக் காசை எடுத்துச் செலவழிக்கிறார்கள், அல்லது ஏதோ சாட்டுச் சொல்லி முறையையே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் மிகவும் துக்கமானது. மரியாள் கைத்துண்டு விரித்த கதிரையைத் தேடி எந்த வீட்டுக்கும் வந்தவளல்ல. பங்குச்சபை கூடி, எல்லா வீட்டிலும் வெறுந்தேநீர் மட்டும் என்று ஒரே முடிவாக எடுத்தால் ஒருவருக்கும் வெட்கமில்லை. அப்படி முடிவெடுத்த இடங்களில் 31 நாளும் 31 வீடும் நிரம்புவதைக் காண்கிறோம்.

அயலாரையும் மறக்கக்கூடாது. 1990 ஐப்பசியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தும் முசலியிலிருந்தும் போனவர்கள் புத்தளத்தில் இருபது ஆண்டு காத்திருந்து, திரும்பி வந்தபோது வயல்கள் காடாகியிருந்தன. முள்ளிக்குளத்தார் பட்டதை அவர்கள் அதற்கு முன்பே பட்டவர்கள். மர்யம் பெயரில் ஓர் அத்தியாயமே குர்ஆனில் உண்டு என்பதை எமது பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. மடுத் திருவிழாவுக்கு இந்துக்களும் சிங்கள மக்களும் வருவது போல, குளத்துச் சிரமதானத்துக்கு அயலூரைக் கூப்பிடுவதும் வைகாசி வேலைகளில் ஒன்றாகலாம். தண்ணீர் யாருடைய வயலுக்கும் மதம் பார்த்துப் பாய்வதில்லை.

மாதத்தின் கடைசிநாள், வைகாசி 31, மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த திருநாள். முன்னர் அது ஆடி 2இல் கொண்டாடப்பட்டது; மடுவின் ஆடித் திருவிழாவும் அந்த நாளிலேயே அமைந்திருக்கிறது. 1969இன் நாட்காட்டித் திருத்தத்தில் திருநாள் வைகாசிக்கு மாறியது, மடு தன் பழைய திகதியை விடவில்லை. கருவுற்ற ஓர் ஏழைப் பெண், உறவுக்காரியின் பேறுகாலத்துக்கு உதவ மலைநாட்டுக்குக் கால்நடையாகப் போன கதை அது. மூன்று மாதம் கூட இருந்தாள் என்று நற்செய்தி சொல்கிறது. ஒருநாள் வந்து தலைகாட்டிப் போகவில்லை.

அந்த நாளில் பங்குகளில் செய்யக்கூடிய ஒரு காரியத்தை இங்கே குறிப்பிடுகிறோம். காணி அனுமதிப்பத்திரமோ உறுதியோ தொலைத்த குடும்பங்கள், தாங்கள் அந்த ஊரில் வாழ்ந்ததைக் காட்டத் தடுமாறுகின்றன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கான ஆலயப் பதிவேடுகளில் பெயரும் பெற்றோரும் திகதியும் இருக்கும். பல பதிவுகளில் ஊரும் இருக்கும். அது காணி உரித்தை நிரூபிக்கும் பத்திரமல்ல. ஆனால் தலைமுறையாக அங்கே இருந்தோம் என்பதற்கு, பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, பங்கீட்டு அட்டை ஆகியவற்றோடு சேர்த்து வைக்கக்கூடிய ஒரு சான்று. செபமாலைக்கு வரும்போது வீட்டிலுள்ள கடதாசிகளைக் கொண்டுவாருங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எது உண்டு, எது இல்லை என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். இல்லாதவற்றுக்கு, ஞானஸ்நானம் பெற்ற ஆலயமும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தால், பங்குத்தந்தை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பிரதி எழுதித் தர முடியும். முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. எந்த வளவு யாருடையது, எந்தப் புளியமரத்தோடு எல்லை முடிந்தது என்பது அவர்களுக்கே தெரியும்.