வட்டும் காத்திருப்பும்

நூலகத்தில் ஒருவர் ஒரு நூலைக் கேட்டு, அது வரும்வரை கைகட்டி நிற்கிறார். மற்றொருவர் பத்து நூல்களின் பெயரை ஒருங்கே எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் வந்ததைப் படிக்கத் தொடங்குகிறார். பின்னவர் முறையே கணினியியலில் ஒத்தியங்கா வாசிப்பு எனப்படும்.

தரவுத்தள வழங்கிக்கு இவ்வேறுபாடு பெரிது. சுழலும் வட்டில் ஓரிடத்தைத் தேடிப் படிக்கச் சில மில்லி நொடிகள் ஆகும். நினைவகத்திலிருந்து எடுக்கவோ நொடியில் கோடியில் ஒரு பங்களவே போதும்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தின் 18ஆம் பதிப்பு 2025இல் இம்முறையை ஏற்றது. இயல்பாக மூன்று துணைச் செயல்முறைகள் வட்டைப் படித்துத் தருகின்றன. 2019இல் லினக்சில் இடம்பெற்ற ‘ஐஓ யூரிங்’ வழியையும் தேர்ந்துகொள்ளலாம். முன்கூட்டிக் கேட்கும் அளவின் இயல்பு மதிப்பும் 1இலிருந்து 16 ஆயிற்று.

இவ்வெண்களைக் கூட்டக் கூட விரைவும் கூடுமோ? கூடாது. வட்டு தாங்கும் அளவைக் கடந்தால் வரிசை நீண்டு, ஒவ்வொரு வேண்டுகோளும் தாமதமாகும். வேண்டிய பக்கங்கள் நினைவகத்திலேயே இருப்பின் இம்முறையால் பெரும்பயன் இல்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, அன்றாட வேலையைக் கொண்டே அளந்து பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இப்பதிப்பில் விரைவு பெறுவது வாசிப்பே. பணம் கட்டியவரிடம் ‘பதிவாயிற்று’ என்று சொல்லுமுன், அம்மாற்றத்தின் குறிப்பு வட்டில் எழுதப்பட்டாக வேண்டும். அங்கே காத்திருத்தலே முறை. அதனை நிறுத்தி விரைவு தேடினால், திடீர் மின்தடையில் கடைசிப் பதிவுகள் அழிந்துபோகக்கூடும்.