ஓட்டை சின்னது, ஊசி எதுக்கு?

டீயை எடுத்துக்குங்கண்ணே, சொல்றேன். "நெஞ்சு ஆபரேஷனை கேமரா விட்டு ரெண்டு மூணு ஓட்டையில முடிச்சுடுவாங்களாம், அப்புறம் முதுகுல ஊசி எதுக்கு?"ன்னு கேட்டீங்கல்ல.

ஒவ்வொரு விலா எலும்புக்கு அடியிலயும் ஒரு நரம்பு ஓடுது. கருவிங்க ரெண்டு விலாவுக்கு நடுவுலதான் நுழையணும். உள்ள திருப்பத் திருப்ப அந்த நரம்பு நசுங்கும். முடிஞ்சப்புறம் காத்தும் நீரும் வெளிய வர அங்கேயே ஒரு குழாய் வேற. கை உடைஞ்சா அசையாம கட்டிப் போடலாம், மூச்சு விடுற நெஞ்சை அப்படிக் கட்ட முடியுமா? விலாவை விரிச்சுத் திறக்கிற முறையைவிட வலி கம்மிதான். டென்மார்க்ல 206 பேரை வெச்சு ஒப்பிட்டு 2016ல வந்த ஆய்வும் அதைத்தான் காட்டுச்சு. கம்மின்னா இல்லேன்னு அர்த்தமில்ல.

வலிக்குப் பயந்து இருமாம, ஆழமா மூச்சிழுக்காம கிடந்தா சளி தேங்கி நிமோனியா வரும். அதனால எந்த முறையா இருந்தாலும், ஆளை எழுப்பி இரும வைக்குதான்னுதான் நான் பார்ப்பேன். மார்ஃபின் இங்கதான் தோக்குது. வலி அடங்கும், கூடவே மயக்கம், குமட்டல், மலச்சிக்கல். இரும வேண்டிய ஆளைத் தூங்க வெச்சு என்ன பிரயோஜனம்?

தண்டுவடத்தை ஒட்டிக் குழாய் வெச்சு மருந்து விடுற எபிடியூரல் நல்லா வேலை செய்யும். ஆனா ரெண்டு பக்கமும் மரத்துப்போகும், பிரஷர் இறங்கும், ஒண்ணுக்குப் போறது கஷ்டம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உள்ள ரத்தம் கட்டுற ஆபத்தும் உண்டு. ஓட்டை ஆபரேஷனுக்கு இவ்வளவு தேவையில்லங்கிறது என் கட்சி.

உங்களுக்குச் சொல்லியிருக்கிறது அனேகமா இந்த ரெண்டுல ஒண்ணா இருக்கும். பாராவெர்டிப்ரல் பிளாக்கில, நரம்பு முதுகெலும்பை விட்டு வெளிய வர்ற இடத்துல, ஆபரேஷன் பக்கம் மட்டும் மருந்து போகும். 1905லயே செஞ்ச வித்தைதான். பலமா பிடிக்கும், ஆனா நுரையீரல் உறை ரொம்பப் பக்கம், கைதேர்ந்தவங்க வேணும். எரெக்டர் ஸ்பைனே பிளாக் 2016ல வந்த புதுசு. அல்ட்ராசவுண்டுல பார்த்துக்கிட்டே முதுகுத் தசைக்கு அடியில போடுறது. ஊசி நுரையீரலை விட்டுத் தள்ளி நிக்கும், ஆனா மருந்து எவ்வளவு தூரம் பரவும்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். 'ப்ராஸ்பெக்ட்'ங்கிற சர்வதேச நிபுணர் குழு இந்த ரெண்டையும் முதல் வரிசையில வெச்சிருக்கு. சர்ஜனே உள்ள இருந்து விலா நரம்புகளுக்கு மருந்து போடுறதும் உண்டு. சுலபம்தான், சில மணி நேரத்துல போயிடும்.

ஒரு தடவை போடுற ஊசி எதுவும் நாள் கணக்கா தாங்காது. வலிக்கட்டும்னு காத்திருக்காம பாராசிட்டமாலை மணி தவறாம போட்டுக்குங்க. மத்த வலி மாத்திரை உங்க கிட்னிக்கு ஒத்துக்குமான்னு டாக்டரைக் கேளுங்க. ஆபரேஷன் பக்கத் தோள்பட்டை வலிச்சா நர்ஸ்கிட்ட சொல்லுங்க. அது பெரும்பாலும் உதரவிதானத்து நரம்பு வழியா வர்றது, முதுகு ஊசிக்கு அடங்காது. "பத்துக்கு எத்தனை வலி?"ன்னு வந்து கேட்பாங்க, படுத்தபடியே மூணுன்னு சொல்லிடாதீங்க, ஒருதரம் இருமிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.