வங்கிப் புத்தகமும் ஒரு பாடம்தான்: ஹல்துமுல்லை மாணவர்கள் அறிய வேண்டியவை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஹல்துமுல்லை பிரதேசத்துக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது. இத்தகைய அனர்த்தத்தில் உயிர்களோடு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் மண்ணுக்குள் போய்விடுகின்றன. 2009இல் பதுங்குகுழிகளிலிருந்து வெறுங்கையோடு வெளியேறிய வன்னி மக்களுக்கும் இந்த வலி தெரியும். ஆனால் புத்தகம் தொலைந்தால் பணம் தொலைவதில்லை. கணக்கு வங்கியின் பதிவில் இருக்கிறது. மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம் இதுதான்.

எந்தக் கணக்கு?

சேமிப்புக் கணக்கில் வட்டி கிடைக்கும். நடைமுறைக் கணக்கு காசோலை எழுதுவோருக்கானது. அதற்குப் பொதுவாக வட்டி இல்லை, கட்டணங்கள் உண்டு. கணக்கில் பணமில்லை எனத் தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் மீட்புச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே மாணவருக்குச் சேமிப்புக் கணக்கே போதும். சிறுவர் கணக்கு என்றால் பொதுவாக 18 வயதுவரை பணத்தை எடுக்க முடியாது; கையில் தேவைப்படும் காசை அதில் போடக்கூடாது.

வட்டி வீதத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். ஆகக் குறைந்த மீதி எவ்வளவு, அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஹப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏறித்தான் வங்கிக்குப் போகவேண்டுமென்றால் பஸ் காசும் ஒரு நாள் பேரும் கணக்கில் சேரும். வேறு வங்கியின் இயந்திரத்தில் பணம் எடுத்தால் கட்டணம் கழியும்.

பணம் பத்திரமா?

அனுமதி பெற்ற வங்கியொன்றில் ஒருவரின் வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசு முழு உத்தரவாதம் அளிக்கிறது. லயத்துச் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

எப்படிப் பராமரிப்பது?

அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே வருவதால், பல வீடுகளில் அம்மாவின் அட்டையைப் பிள்ளையே கையாளுகிறது. இரகசிய இலக்கத்தை அட்டையின் உறையில் எழுதி வைக்காதீர்கள். தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் அதைக் கேட்காது. மாதம் ஒருமுறை மீதியைப் பாருங்கள். கணக்கு இலக்கத்தைத் தனியாக எழுதி, வேறொரு இடத்திலும் வையுங்கள்.

பத்து ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அப்போதும் உரிமை போய்விடாது. உரியவரோ உரித்தாளரோ ஆவணங்களோடு அதே வங்கியிடம் கோரலாம். போரில் இறந்தவர்களின் பழைய கணக்குகளைத் தேடும் குடும்பங்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

தமிழில் கேளுங்கள்

தமிழ் அரசகரும மொழி. விளங்காத படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். வங்கியில் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தை அழைக்கலாம். தோட்டத்துப் பெற்றோர் பலர் வங்கிப் பீடத்தின் முன் தயங்கி நின்றவர்கள். அந்தத் தயக்கம் பிள்ளைகளோடு தொடரத் தேவையில்லை.