திண்டுக்கல் வெயிலும் சந்திரசேகரின் கணக்கும்

சித்திரை மாதத்து நடுப்பகலில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலுடன் ஏறியவர்களுக்குச் சூரியனைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது எதுவுமில்லை. ஆயினும், அந்த வெப்பத்தில் ஒரு பங்கு பிறக்கும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஒரு தமிழர் என்பது நேயர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

சூரியனுடைய மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. அவற்றினிடையே எந்த அணுவுக்கும் சொந்தமில்லாத எலெக்ட்ரான்கள் அலைந்து திரிகின்றன. தன்னந்தனியே செல்லும் எலெக்ட்ரான், தன்மேல் படும் ஒளியை விழுங்கிக்கொள்ள இயற்கையின் விதி இடங்கொடுப்பதில்லை. ஓர் அணுவை நெருங்கி, அதனால் வழி திருப்பப்படும் கணத்தில் மட்டுமே அது ஒளியை ஏற்று வேகம் பெறலாம்; அல்லது வேகத்தை இழந்து ஒளியை உமிழலாம். அப்போது உண்டாகும் உதைப்பை அணு தாங்கிக்கொள்கிறது. பத்திரம் எழுதச் சாட்சி வேண்டியிருப்பதுபோல், இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அணு வேண்டியிருக்கிறது!

ஹைட்ரஜன் அணு உபரியாக ஓர் எலெக்ட்ரானைச் சேர்த்துக்கொள்வதுண்டு. சூரியனுள்ளிருந்து வரும் ஒளியை மறிப்பதில் அதற்கு முக்கியப் பங்குண்டு என்று 1939-ல் ருபர்ட் வில்ட் கூறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஆராய்ச்சி நடத்திவந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், பிரான்சிஸ் பிரீன் என்ற அம்மையாருடன் சேர்ந்து 1946-ல் இன்னொரு கணக்கையும் முடித்தார். அணுவில் ஒட்டாமல் கடந்துபோகும் எலெக்ட்ரான்களின் பங்கு எவ்வளவு என்பதே அது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அப்பங்கு சொற்பம். அலைநீளம் சுமார் 0.0016 மில்லிமீட்டரைத் தாண்டிய வெப்பக் கதிர்களிலோ அதுவே மேலோங்குகிறது.

சூரியனில் நிகழும் இவ்வித்தையைப் பிற்காலத்தில் லேசர் விளக்கு ஆராய்ச்சிச் சாலைக்கே கொண்டுவந்தது. கனடாவில் வைன்கார்ட்ஸ்ஹோபர் குழுவினர், லேசர் கதிரின் நடுவே ஆர்கான் அணுக்கள்மீது எலெக்ட்ரான்களை மோதவிட்டு, 1977-ல் முடிவை வெளியிட்டனர். எலெக்ட்ரான்கள் ஒளித் துணுக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்ணிக்கையிலேயே பெற்றன, இழந்தபோதும் அவ்வாறே. அரைத் துணுக்கு, கால் துணுக்கு என்ற பேரத்துக்கு அங்கே இடமில்லை.

திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே எழும் பழநி மலைத்தொடரில், கொடைக்கானல் வானிலையம் 1899-ல் ஏற்பட்டது. சூரியனைப் படம் பிடிக்கும் பணி அங்கே நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. கண்ணால் காண்பதற்கு அத்தகைய கருவிகள் வேண்டும். கணக்கால் காண்பதற்குக் காகிதமும் பொறுமையும் போதும். 1983-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் நம்மவர் என்று பெருமை பேசுவதோடு நில்லாமல், "வெயில் ஏன் சுடுகிறது?" என்று கேட்கும் குழந்தையை அதட்டாமலிருந்தால், அதுவே நாம் அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.