கையும் காலும் காதும் கேட்ட கார்கள்

1901ஆம் ஆண்டில் அடையாறு பென்ஸ் கார்டனிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் ஒரு கார் போய்வந்தது. பாரி கம்பெனியின் இயக்குநர் ஏ.ஜே. யார்க்தான் அதன் சொந்தக்காரர். சென்னைத் தெருக்கள் அன்றாடம் பார்த்துப் பழகிய முதல் கார் அது என்று நகரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. சாலையோ மாட்டுவண்டிக்கும் ஜட்காவுக்கும் போட்டது. இன்று அதே தூரத்தை ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடந்துவிடுகிறோம். அன்றைக்கு வண்டியைக் கிளப்புவதே ஒரு வேலை.

அந்த வேலை எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வடபழனிக்குப் போகலாம். ஏவி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் 2023 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த பாரம்பரிய அருங்காட்சியகத்தில், ஏவி.எம். தயாரிப்பாளர் எம்.எஸ். குகன் தேடிச் சேர்த்த பழைய கார்களும் பைக்குகளும் வரிசையாக நிற்கின்றன. கூடவே கேமராக்களும் படப்பிடிப்புக் கருவிகளும். பெரும்பாலானோர் காரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பளபளக்கும் பெயிண்டையும் குரோமியத்தையும் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் சொல்வது, பெயிண்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் டிரைவர் உட்காரும் இடத்தை எட்டிப் பாருங்கள். அவருடைய கைக்கும் காலுக்கும் எத்தனை நெம்புகோல்கள், எத்தனை பித்தான்கள் என்று கவனியுங்கள். காரின் கதை அங்கேதான் இருக்கிறது.

காரின் மூக்குக்குக் கீழே, நம்பர் பிளேட்டையொட்டி ஒரு துளை தெரியும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்த காலத்தின் அடையாளம் அது. வளைந்த இரும்புக் கம்பியை அதில் செருகிச் சுற்றினால் என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்பட்டு அழுத்தப்படும். பொறி விழுந்ததும் பற்றிக்கொள்ளும். கேட்க எளிது. ஆனால் அந்தப் பொறி எப்போது விழ வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், என்ஜின் வேகமாக ஓடும்போது பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பொறி விழுந்தாக வேண்டும். கையால் சுற்றும்போது என்ஜின் மெதுவாகத்தான் சுழலும். அப்போதும் முன்கூட்டியே பொறி விழுந்தால், மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு திருப்பித் தள்ளிவிடும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டை முறிக்கும். அதனால்தான் கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலோ அடியிலோ இரண்டு சிறு நெம்புகோல்கள் இருக்கும் கார்களைத் தேடுங்கள். ஒன்று வேகத்துக்கு. மற்றது பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு. ஸ்டார்ட் செய்யும் முன் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், என்ஜின் பிடித்ததும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், மேட்டில் திணறினால் மறுபடி கொஞ்சம் பின்னுக்கு. இன்று ஒவ்வொரு பொறிக்கும் ஒரு சிப் கணக்குப் போட்டுச் செய்யும் வேலையை, அன்று டிரைவர் என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கையால் செய்தார். 1912இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தது. அதன் பிறகும் வெகுகாலம் கார்கள் அந்தத் துளையை விடவில்லை. பேட்டரி இறங்கிவிட்டால் வேறு கதி?

கியர் மாற்றுவதும் லேசான காரியமில்லை. ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் அதன் வேகத்துக்கு இரண்டடி ஓடி, பிறகு படியில் காலை வைக்கிறார். நின்ற இடத்திலிருந்து தாவினால் விழுவார். பழைய கியர்பெட்டிக்குள் பல்சக்கரங்களுக்கும் அதே கதிதான். வேகம் ஒத்துவராத இரண்டு சக்கரங்களைச் சேர்த்தால் பற்கள் உரசிக் கதறும், உடையும். ஆகவே கீழ் கியருக்கு வர வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். கணப்பொழுதில் இத்தனையும். 1928இல் கேடிலாக்தான் இந்த வேகங்களைத் தானாகவே ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பைக் கொண்டுவந்தது. முதல் கியருக்கு மட்டும் அந்த வசதி இல்லாத கார்கள் 1960களிலும் ஓடின.

கதவுக்கு அருகே தூணில் ஒரு நீள்வெட்டு தெரிந்தால், அது டிராஃபிகேட்டர். உள்ளே மடங்கியிருக்கும் சிறு கை, பித்தானை அழுத்தினால் வெளியே நீண்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காட்டும். உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். 1930களிலிருந்து 1950கள் வரையிலான பிரிட்டிஷ் கார்களில் இதை நிறையப் பார்க்கலாம். எனக்கு அந்தக் கையின் மேல் தனிப் பிரியம் உண்டு.

காரின் உடம்பைப் பார்க்க இப்போது வரலாம். சென்னைக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் கார் வாங்குகிறவர் என்ஜினோடு கூடிய சட்டத்தை மட்டும் வாங்கி, அதன் மேல் உடம்பைக் கட்டித்தரச் சொல்லிக் கோச்சு வண்டி செய்கிறவரிடம் கொடுப்பது வழக்கம். மரத்தால் கூடு கட்டி, அதன் மேல் தகடு அடித்து, தோல் மெத்தை தைத்துத் தருவார்கள். 1840இல் தொடங்கிய மவுண்ட் ரோட்டு சிம்சன் கம்பெனி இப்படிக் கோச்சு வண்டிகள் கட்டிய நிறுவனம்தான். 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் காரையே செய்து காட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்ற பெயர் அதற்கு உண்டு. குதிரை வண்டித் தச்சரின் கைத்திறன் அப்படியே மோட்டார் யுகத்துக்குள் நடந்து வந்த இடம் நம் மவுண்ட் ரோடு.

பிறகு இந்த ஊரே கார் செய்யத் தொடங்கியது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது; பின்னாளில் அசோக் லேலண்டாகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறிவிட்டது. தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். 1961 முதல் அங்கே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஐம்பது வயது தாண்டிய சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தாலியர் மிக்கெலாட்டி வரைந்த வடிவம் அது. அதன் பானெட் தனி மூடியாகத் திறக்காது; இருபுற மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மயிலாப்பூர் மாடவீதி மாதிரியான இடங்களிலும் சட்டென்று வளைத்துத் திருப்பிவிடலாம். இங்கிலாந்தில் வராத நான்கு கதவு ஹெரால்டு இங்கேதான் பிறந்தது. அதன் வாரிசாக 1972இல் வந்த கெசல், இந்தத் தொழிற்சாலையின் சொந்த முயற்சி. வெளிநாட்டு ரோல்ஸ் ராய்ஸுக்குக் கூடும் கூட்டம் ஹெரால்டு முன்னால் கூடுவதில்லை. என்னைக் கேட்டால், இந்த நகரத்தின் அருங்காட்சியகங்களில் அதற்குத்தான் நடு இடம் கொடுக்க வேண்டும்.

தியாகராய நகர் ஆற்காடு தெருவிலுள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண்ணுடைய அவருடைய அம்பாசிடர் அங்கே நிற்கிறது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்து, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை வெளிவந்த வண்டி இது. அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இன்றும் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள்.

எது பழைய கார் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு. பிரிட்டனின் சங்கங்கள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவற்றை மட்டுமே விண்டேஜ் என்று ஒப்புக்கொள்கின்றன. நம் மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருக்கும் வண்டி விண்டேஜ். மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்று வரும் தனி நம்பர் வரிசையும் உண்டு. அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அதை ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் எடுத்துப் போகலாம்.

ஆனால் காரைச் சும்மா நிறுத்திவைப்பதும் அதற்கு ஆகாது. டயர் ஒரே பக்கம் அழுந்தி வடிவம் கெடும். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிப் பொடித் துளைகளை அடைக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து இறுகும். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்காற்றின் உப்பு வேறு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரு தலைவலி. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பழைய காரை வைத்திருப்பவர்கள் குழாய்களை மாற்றுகிறார்கள், டேங்கைக் காலி செய்து வைக்கிறார்கள், அவ்வப்போது என்ஜினை ஓடவிடுகிறார்கள்.

உதிரிப் பாகம் கிடைக்காதபோது புதுப்பேட்டையில் தேட வேண்டும், அங்கும் இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்துதான் எடுக்க வேண்டும். தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர், கார்புரேட்டரைக் காதால் கேட்டே டியூன் செய்யும் மூத்த மெக்கானிக், பழைய படத்தைப் பார்த்து மெத்தை தைக்கும் தையற்காரர் ஆகியோரால்தான் இந்த வண்டிகள் உயிரோடு இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு காரின் பக்கத்திலும் மாடலும் வருடமும் எழுதிய பலகையைப் பார்க்கிறோம். அதைச் சீராக்கியவர்களின் பெயர்களையும் அந்தப் பலகையில் எழுத வேண்டும். அவர்கள் ஹேண்டில் அடித்து, பொறியைச் சரிசெய்து, வண்டியைக் கிளப்புவதை இப்போதே ஒலியோடு படம்பிடித்துத் திரையில் ஓடவிட வேண்டும்.