14 வயதில் கேட்ட பாட்டு

கேசட் காலத்து ஆட்களிடம் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. டீக்கடை ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று முடியும். அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் இவர்கள் இன்னொரு பாட்டின் தொடக்க இசையை முணுமுணுத்துவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு படம். இசையமைப்பாளர்கூட வேறாக இருக்கலாம். அவர்கள் வீட்டுக் கேசட்டில் அதற்கடுத்து இதுதான் இருந்தது என்பதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிய காலம் அது. கடைசிப் பாட்டுக்கு டேப் போதாமல் சரணத்தின் நடுவே அறுந்துபோயிருந்தால், இன்று முழுப் பாட்டைக் கேட்டாலும் அந்த இடம் வரும்போது காது ஒரு கணம் தயங்கும்.

இந்தப் பழக்கத்தை ஆய்வுக்கூடத்திலும் பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் குழு 2009-ல் ஒரு சோதனை நடத்தியது. சிலருக்கு, அவர்களுக்கு நன்றாகப் பழகிய சிடியின் பாட்டுகளைப் போட்டுக்காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். குழு கவனித்தது பாட்டுகளை அல்ல, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட மௌனத்தை. அடுத்த பாட்டு எதுவென்று தெரிந்தவர்களின் மூளையில் அந்த மௌன நொடிகளிலேயே முன்மடல் பகுதிகள் வேலையைத் தொடங்கியிருந்தன. தெரியாத பாட்டுகளுக்கு இடையே இது நடக்கவில்லை. பாட்டோடு சேர்த்து அதன் வரிசையையும் மூளை எழுதி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் '90ஸ் கிட்ஸ்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் கூட்டத்தின் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை ஞாபகம் வரும். ரெஸ்லிங் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்லன். படத்தின் கீழே உயரம், எடை, மார்பளவு, ஆடிய போட்டி, ஜெயித்த போட்டி, ரேங்க். எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். எதிராளியின் சீட்டில் அதைவிடப் பெரிய எண் இருந்தால் நம் சீட்டு போச்சு. ரேங்க் மட்டும் தலைகீழ்: சிறிய எண்ணுக்கே வெற்றி. நாற்பதை நெருங்கும் ஆட்கள், மனைவியின் செல்போன் எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் திணறுபவர்கள், எந்த மல்லனிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதை இன்னமும் தப்பில்லாமல் சொல்கிறார்கள். தேன்மிட்டாய், கமர்கட்டு, வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', 1997-ல் தொடங்கிய 'சக்திமான்' என்று பட்டியல் நீள்கிறது. முடிவில் தவறாமல் ஒரு தீர்ப்பும் வருகிறது: எங்கள் காலம்தான் பொற்காலம்.

இந்தத் தீர்ப்பை எல்லாத் தலைமுறையும் எழுதுகிறது. அதனாலேயே உளவியலாளர்களுக்கு இதில் ஆர்வம். 1879-ல் பிரான்சிஸ் கால்டன் 75 சொற்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மனதில் முதலில் எழுவதைக் குறித்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியிருந்த அவருக்குச் சிறுவயது ஞாபகங்கள் எதிர்பாராத அளவுக்கு வந்து விழுந்தன. நூறாண்டு கழித்து, 1986-ல், டேவிட் ரூபினும் சக ஆய்வாளர்களும் இதே வகைச் சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி, எந்த வயதின் ஞாபகம் எவ்வளவு வருகிறது என்று வரைபடம் போட்டார்கள். அண்மைக்கால நினைவுகள் நிறைய இருந்தன, அது இயல்பு. அங்கிருந்து பின்னோக்கிப் போகப்போகக் கோடு இறங்கியது. ஆனால் 10 முதல் 30 வயது வரையிலான பகுதியில் திரும்பவும் மேலே ஏறியது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் தெளிவாகத் தெரியும் இந்த ஏற்றத்தை நினைவு மேடு என்று சொல்லலாம். ஜப்பான், சீனா, வங்கதேசம், பிரிட்டன், அமெரிக்கா என எங்கே தேடினாலும் அது இருக்கிறது.

மேடு ஏன் எழுகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. முதல் காதல், முதல் வேலை, வெளியூரில் முதல் விடுதி அறை எனப் புதியவை வரிசையாக நடக்கும் வயது என்பதால் ஆழமாகப் பதிகின்றன என்பது ஒரு வாதம். அப்போது மூளையின் பதிவுத்திறன் உச்சத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. 'நான் யார்' என்று ஒருவர் தீர்மானித்துக்கொள்ளும் பருவம், எனவே அந்த நினைவுகளைத்தான் பிறகு அடிக்கடி எடுத்துப் புரட்டுகிறோம் என்பது மூன்றாவது.

என் கட்சி மூன்றாவதும் முதலாவதும் சேர்ந்தது. காரணம் இரண்டு ஆய்வுகள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறி முதுமையடைந்தவர்களை 1998-ல் ராபர்ட் ஷ்ராஃபும் ரூபினும் ஆராய்ந்தார்கள். சிறிய ஆய்வுதான். முப்பதுகளின் நடுவில் நாடு மாறியவர்களுக்கு நினைவு மேடும் அந்த வயதுக்கு நகர்ந்திருந்தது. மறுவருடம் மார்ட்டின் கான்வேயும் ஷம்சுல் ஹக்கும் வங்கதேசத்தில் வயதானவர்களிடம் கேட்டபோது இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒன்று வழக்கமான இளமை மேடு. மற்றொன்று அவர்களின் நடுவயதில், விடுதலைப் போராட்டமும் 1971 போரும் நடந்த காலத்தில். வயது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்த இரண்டாம் மேட்டுக்கு வேலையே இல்லை. வாழ்க்கை புரண்ட இடத்தில் நினைவு குவிகிறது. டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஈழத் தமிழர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பாட்டுக்கு வருவோம். எந்த வயதில் கேட்டது கடைசிவரை ஒட்டிக்கொள்கிறது? 1989-ல் மாரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் பல வயதினருக்குப் பழைய பாட்டுகளைப் போட்டுக்காட்டி, சுமார் 23 வயதில் வெளிவந்த பாட்டே அதிகம் பிடிக்கிறது என்றார்கள். 2018-ல் சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ் ஸ்பாட்டிஃபை தரவுகளைப் புரட்டியபோது வயது இன்னும் இறங்கியது: ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 13. ஆய்வுமுறை வேறு, காலம் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் 14 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

'ரோஜா' வந்தது 1992-ல். அப்போது 14 வயதானவர் 1978-ல் பிறந்தவர். அவர் 90ஸ் கிட் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் சலுகையில்தான். 1990-ல் பிறந்தவருக்கு 14 வயதானது 2004-ல். அந்த ஏப்ரலில்தான் 'கில்லி' வந்தது. 20 ஆண்டு கழித்து, 2024 ஏப்ரலில், அதே படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் மறுவெளியீடாக வந்து புதுப்படம்போல் ஓடியது. 2004-ல் பாக்கெட் மணியைச் சேர்த்து டிக்கெட் எடுத்தவருக்கு மறுவெளியீட்டின்போது 34 வயது. கையில் சம்பளம் இருந்தது. பக்கத்தில் தோளில் தூக்கி ஆடவைக்க ஒரு பிள்ளையும் இருந்திருக்கலாம். மறுவெளியீட்டுக்காரர்கள் உளவியல் படித்துவிட்டு இறங்கினார்களா தெரியாது, ஆனால் தேதி பிசகவில்லை. ஏக்கத்துக்கும் பணப்பைக்கும் உள்ள தொடர்பும் ஆராயப்பட்டதுதான். பழைய நினைவில் மூழ்கியவர்கள் பொருளுக்குக் கூடுதல் விலை தரத் தயாராவதை 2014-ல் ஜானைன் லசலெட்டாவின் குழு காட்டியது. இன்று இணையத்தில் 'பழைய மிட்டாய் டப்பா' என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் ஆய்வே தேவைப்படாது.

மறுவெளியீட்டு அரங்குகளில் 2000-க்குப் பிறகு பிறந்த '2கே கிட்ஸும்' நிறைந்திருந்தார்களே, அவர்களுக்கு ஏது ஏக்கம்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சூப்னிக்கும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது. சராசரியாக 20 வயதுள்ளவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான பிரபல அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்கச் செய்தார்கள். தங்கள் காலத்துப் பாட்டு அவர்களுக்குப் பிடித்தது, அது தெரிந்ததே. 1980-களின் தொடக்கத்திலும் ஒரு மேடு எழுந்தது. அவர்கள் பிறப்பதற்கு முன்பு, பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம் அது. 60-களிலும் சின்னதாக ஒன்று. தாத்தா பாட்டியின் செல்வாக்காக இருக்கலாம், அந்தக் காலப் பாட்டே உசத்தியாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள் ஆய்வாளர்கள்.

1990-ல் பிறந்த தமிழர் இளையராஜாவின் 80-களைத் தன் சொந்தச் சொத்துபோல் பேசுவதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அது அப்பாவின் டேப்ரெக்கார்டரும் டவுன் பஸ் டிரைவரும் அவருக்குள் போட்ட மேடு.

வாசனை இதைவிடப் பின்னால் இழுக்கும். ஸ்வீடனில் 2006-ல் வயதானவர்களிடம் நடந்த ஆய்வில், சொல்லோ படமோ கிளப்பிய நினைவுகள் இளமைக்காலத்தில் குவிந்தன. வாசனை கிளப்பியவை 10 வயதுக்குள் போயின. புதுப் பாடநூலை விரித்து முகர்ந்தவர்கள் இதற்குச் சாட்சி.

இத்தனை இதமான இந்தக் கடந்தகால ஏக்கம் ஒரு காலத்தில் நோய். 1688-ல் பாசெல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், அந்நிய மண்ணில் இருந்த சுவிஸ் நாட்டார் ஊர் ஏக்கத்தில் உருகுவதை நோயாக வகுத்துப் பெயரிட்டார். மலைநாட்டார் சமவெளிக்கு இறங்கும்போது கூடும் காற்றழுத்தமே காரணம் என்று பின்னால் ஷாய்க்ட்சர் என்ற அறிஞர் விளக்கினார். அவரும் சுவிஸ்காரர், தன் நாட்டாரைக் கோழைகள் என்று சொல்லவிடக் கூடாதே!

நோய் மருந்தாக மாறியது இந்த நூற்றாண்டில்தான். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, மக்களைப் பழைய நினைவுக்குள் தள்ளுவது பெரும்பாலும் மனச்சோர்வு, குறிப்பாகத் தனிமை. உள்ளே போனவர்கள் அங்கே தனியாக இருப்பதில்லை. கதையின் நாயகர் அவர்களே, ஆனால் சுற்றிலும் ஆட்கள். 2008-ல் சீனாவில், பெற்றோரோடு நகரத்துக்கு இடம்பெயர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். தனிமை கூடிய பிள்ளைகளிடம் ஏக்கமும் கூடியிருந்தது. அந்த ஏக்கமே தமக்கு ஆதரவாக ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வையும் தந்தது. ரெஸ்லிங் சீட்டைப் பற்றிப் பேசுபவர் உண்மையில் எதிரே உட்கார்ந்து ஆடியவனைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. கசப்பான நிகழ்வின் உணர்ச்சி, இனிமையானதைவிட வேகமாக மங்கிவிடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. மின்வெட்டு இரவில் புழுக்கமும் கொசுவும் மறந்து, மொட்டைமாடிப் பாயும் கதையும் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தெருவே கூடியது என்பது உண்மை. அந்தக் கூட்டத்தில் சிலர் கூடத்தில் உட்கார்ந்தார்கள், சிலர் வாசற்படியில், சிலர் ஜன்னலுக்கு வெளியே. யார் எங்கே என்பதை டிவி வருவதற்கு முன்பே ஊர் தீர்மானித்திருந்தது. மீம்களில் கூடம்தான் வருகிறது, ஜன்னல் வருவதில்லை.

இன்னொரு விளைவு, 'இந்தக் காலத்துப் பசங்க' புராணம். ஜான் புரோட்ஸ்கோவும் ஜொனாதன் ஸ்கூலரும் 2019-ல் அமெரிக்கர்களிடம் இதை ஆராய்ந்தார்கள். நிறையப் படித்தவர்களே 'பிள்ளைகள் இப்போது படிப்பதில்லை' என்று அதிகம் குறைபட்டார்கள். அதிகாரத்துக்குப் பணிபவர்கள் 'மரியாதை போச்சு' என்றார்கள். தான் இன்று எதில் கெட்டியோ, அன்றைய பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் கெட்டி என்று நினைவு சொல்கிறது. வாசிப்புத் தேர்வில் உங்களுக்கு மதிப்பெண் குறைவு என்று பொய்யாகச் சொன்னதும் அவர்களின் புகாரும் குறைந்ததுதான் வேடிக்கை.

இனி வரப்போகும் மேட்டைப் பற்றித்தான் எனக்கு ஆர்வம். 2006-ல் பிறந்தவர்களுக்கு 14 வயதானது 2020-ல். தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அந்த மார்ச்சில் மூடி நவம்பரில்தான் திறந்தன. 'சூரரைப் போற்று' நேரே ஓடிடிக்குப் போனது. தெருவே ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்ட காலம் அதற்கு முன்பே முடிந்து, ஆளுக்கொரு செல்போனில் ஆளுக்கொரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரிசையும் நாளுக்கொன்று. ஒரு பாட்டுக்கு அடுத்த பாட்டு எது என்று கேட்பவருக்கே முன்கூட்டித் தெரியாது. இவர்களுக்கும் நினைவு மேடு எழும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2040-ல் 34 வயதாகும்போது எல்லோரும் சேர்ந்து விசிலடிக்கிற பாட்டு அதில் எத்தனை இருக்கும் என்பதை அப்போதைய மறுவெளியீட்டுக்காரர்கள்தான் வசூலில் கண்டுபிடிக்க வேண்டும்.